குட்டிப் பந்து எத்தனை

குருசுக்குப்பம், புதுச்சேரி
19 ஜனவரி

அன்புள்ள பூர்ணிமா அக்காவுக்கு,

கவிநிலா எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் சுகம். அங்கே நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? திருப்பூர்ப் பனியில் உன் தும்மல் குறைந்ததா?

போன் இருக்கும்போது இவளுக்கென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா பிடுங்கிக்கொண்டு, "பூர்ணி, ஒன் தங்கச்சிக்குக் கண்ணு போச்சுடி" என்று ஆரம்பித்துவிடுவாள். கண் போகவில்லை. அவள் முந்திக்கொள்வதற்குள் நான் சொல்லிவிட வேண்டும்.

ஒரு வருடமாக நான் பெத்தாங் ஆட்டத்தில் எவ்வளவு சொதப்புகிறேன் என்று உனக்குத் தெரியும். மாமாவுக்கும் புரியட்டும் என்று சொல்கிறேன்: முதலில் ஒரு சின்ன மர உருண்டையை வீசிவிடுவோம். பிறகு வட்டத்துக்குள் நின்று, இரும்புக் குண்டுகளை அதை ஒட்டினாற்போல் போட வேண்டும். யார் குண்டு அதற்குப் பக்கத்தில் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. அந்த மர உருண்டையை அப்பா பிரெஞ்சுக்காரர் மாதிரி கொஷோனே என்பார். நமக்கு எப்போதும் அது குட்டிப் பந்து.

எனக்கு அந்தக் குட்டிப் பந்து மூன்றாகத் தெரிந்தது அக்கா. மேலே ஒன்று, அதற்குக் கீழே சாயம் போன மாதிரி இரண்டு. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் "ஆட வரல, அதுக்கு சாக்கு வேற" என்பார்கள். நானும் என்னைச் சோம்பேறி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மாதத்தில் மூன்றாவது முறை பவர் மாறியதும் கண்ணாடிக் கடைக்காரரே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார். பொங்கல் முடிந்து தவளக்குப்பம் பக்கம் போய்க் காட்டினோம். மோவாயை ஒரு மெஷினில் வைக்கச் சொல்லி என் கண்ணுக்கு மேப் எடுத்தார்கள். கலர் கலராக இருந்தது, நடுவில் ஒரே சிவப்பு. டாக்டர் அம்மா அதைக் காட்டி, இதற்குக் கெரட்டோகோனஸ் என்று பெயர், கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது, அதனால்தான் ஒன்று மூன்றாகத் தெரிகிறது என்றார். "கண்ணைக் கசக்குவியாம்மா?" என்று என்னைத்தான் கேட்டார். "பொறந்ததுலேர்ந்து அதான் டாக்டர் இவளுக்கு வேலையே" என்று அம்மா பதில் சொன்னாள்.

எனக்கு அழுகை வரவில்லை. சத்தியமாகச் சந்தோஷம்தான் வந்தது. இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, நான் சோம்பேறி இல்லை. முதலில் கூம்பு வளராமல் நிறுத்த ஒரு வெளிச்ச வைத்தியம், பிறகு கெட்டியான கான்டாக்ட் லென்ஸ். ஒழுங்காக இருந்தால் பழையபடி பார்க்கலாமாம்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிவு செய்துவிட்டேன். ஜூலை பதினாலு, பிரெஞ்சு தினப் போட்டியில் இந்த வருடம் பெண்கள் இரட்டையர் இருக்கிறது. நான் ஆடப்போகிறேன், ஜோடி நீ. ஆறு வருடமாக "கல்யாணம் ஆயிடுச்சு" என்று நீ சொல்லும் சாக்கு இனிமேல் செல்லாது.

பதிலைக் கடிதமாகவே போடு. போனில் எழுத்தெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கிறது. கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில், பெரிசு பெரிசாக எழுது.

உன் பதிலுக்குத் தபால்காரரை மறித்துக்கொண்டு நிற்கப்போகும்,
கவி

*

திருப்பூர்
4 பிப்ரவரி

அன்புக் கவிக்கு,

அக்காவின் ஆசிகள். நாங்கள் இருவரும் நலம். உன் கடிதம் வந்தபோது நான் அடுப்பில் வேலையாக இருந்தேன். மாமாதான் படித்துக் காட்டினார். பெத்தாங் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்து, "இதுல இன்னா கஷ்டம்?" என்றார். அவர் கிரிக்கெட் ஆள், விடு.

பயப்படாதே என்று எழுத நினைத்தேன். நீ பயப்படவில்லை என்று தெரிகிறது. அப்படியென்றால் சரி.

சில கேள்விகள். கீழே தெரியும் பந்து நேர் கீழேயா, கொஞ்சம் பக்கவாட்டிலா? தெருவிளக்கைப் பார்த்தால் கீழே வால் மாதிரி வெளிச்சம் நீளுகிறதா? நிலா? இதெல்லாம் லென்ஸ் போட்டால் போய்விடும் என்று டாக்டர் உறுதியாகச் சொன்னாரா? கேட்டு எழுது.

கண்ணைக் கசக்காதே. கை போனால் கையைக் கட்டிக்கொள்.

நீ சொன்னபடி பெரிசாக எழுதியதில் இதுவே ஆறு பக்கம் ஆகிவிட்டது. மாமா கடைக்குப் போய் இன்னொரு நோட்டு வாங்கி வந்தார்.

அன்புடன்,
பூர்ணிமா

*

குருசுக்குப்பம்
24 பிப்ரவரி

ஆறு பக்கத்தில் அரைப் பக்கச் செய்தி எழுதிய அக்காவுக்கு,

கவியின் வணக்கம். நாங்கள் சுகம், மாமாவையும் கேட்டதாகச் சொல். உன் எழுத்து அருமை. ஒவ்வொரு எழுத்தும் இட்லி அளவு. யாரையும் கேட்காமல் நானே முழுசாகப் படித்தேன்.

உன் கேள்விகளுக்குப் பதில்: நேர் கீழே. விளக்குக்கு வால் உண்டு, நீளமான வால். நிலா இரண்டு. லென்ஸ் போட்டால் பெரும்பாலும் போய்விடும் என்றார். நீ என்ன, டாக்டருக்குப் படித்தவள் மாதிரி கேட்கிறாய்?

வெளிச்ச வைத்தியம் முடிந்துவிட்டது. மல்லாந்து படுக்கவைத்து அரைமணி நேரம் மஞ்சள் மருந்து விட்டார்கள். பிறகு ஊதா நிற வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். சின்ன வயதில் யார் முதலில் இமைக்கிறார்கள் என்று உன்னோடு போட்டி போட்டது அன்றைக்கு உதவியது. அப்புறம் இரண்டு நாள், ஐந்து கிலோ வெங்காயம் அரிந்த மாதிரி எரிச்சல். அறையை இருட்டாக்கிப் படுத்திருந்தேன். அப்பா அந்த இரண்டு நாளும் மைதானத்துக்கே போகவில்லை. டெம்போவை நிறுத்திவிட்டு வந்து என் அறை வாசலில் உட்கார்ந்துகொள்வார். தண்ணீர் கேட்டால் மட்டும் எழுந்து போய்க் கொண்டுவருவார்.

மூன்றாம் நாள் அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். புகையில் கண் அரித்ததே பார், கையிரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். நோயைவிட அம்மாவின் வைத்தியம்தான் ஆபத்து.

ஜூலையைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. இட்லி எழுத்தில் இடம் போதவில்லையா?

விடாக்கண்டன் தங்கச்சி,
கவி

*

திருப்பூர்
30 மார்ச்

அன்புக் கவிக்கு,

நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். கடிதம் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

கம்பெனியில் செக்கிங்கிலிருந்து பேக்கிங்குக்கு மாறியிருக்கிறேன். செக்கிங்கில் நாள் முழுக்க நின்றபடி பனியனில் ஓட்டை, கறை பார்க்க வேண்டும். பேக்கிங்கில் உட்காரலாம், மடித்துக் கவரில் போட்டால் போதும். கால்வலி மிச்சம்.

வைத்தியம் நல்லபடியாக முடிந்ததில் எனக்கு நிம்மதி. லென்ஸ் எப்போது? வலிக்குமா?

ஜூலையில் லீவு கிடைப்பது கஷ்டம். ஆர்டர் நெருக்கும் மாதம் அது. உன் சிநேகிதி அபி நன்றாக ஆடுவாளே, அவளைச் சேர்த்துக்கொள். எனக்கு ஆட்டமெல்லாம் மறந்துவிட்டது கவி.

அம்மாவை மிளகாயை எடுத்து வைக்கச் சொல்.

பூர்ணிமா

*

குருசுக்குப்பம்
21 ஏப்ரல்

என் அருமை அக்கா,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். முதலில் செய்தி: ஒன்று. குட்டிப் பந்து ஒன்றே ஒன்று.

லென்ஸ் வந்துவிட்டது. ஒரு மிளகளவை விடக் கொஞ்சம் பெரிசு, கெட்டியானது. கண்ணில் வைத்துப் பார்த்து, எடுத்து, வேறு வைத்து, நாலாவதுதான் என் கூம்புக்குப் பொருந்தியது. வலிக்குமா என்று கேட்டிருந்தாய். முதல் பத்து நிமிடம் கண்ணில் மணல் விழுந்த மாதிரிதான், தாரை தாரையாகத் தண்ணீர். அதற்குப் பிறகு எதிரே இருந்த அட்டையைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, அதற்கடியில் அச்சகத்தின் பெயர் இருந்தது, அதையும் படித்தேன். நர்ஸ் சிரித்துவிட்டார்.

முதல் நாள் இரண்டு மணி நேரம், பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இப்போது எட்டு மணி நேரம் போடுகிறேன். காலையில் நான் லென்ஸ் போடுவது பெரிய சடங்கு. அம்மா வாஷ்பேசின் ஓட்டையில் துணியை அடைத்துவிட்டு, பக்கத்தில் காவல் நிற்பாள். "தும்மிடாதடி, தும்மிடாதடி" என்று அவள் சொல்லும்போதுதான் எனக்குத் தும்மல் வரும்.

நான் பார்த்ததை எல்லாம் கேள். காலாப்பட்டு பஸ்ஸின் பலகையைப் பிள்ளைச்சாவடி நிறுத்தத்தில் நின்றபடி, அது திரும்பும்போதே படித்தேன். அம்மாவின் மூக்குத்தியில் ஒரு கல் இல்லை. ரொம்ப நாளாக இல்லையாம், நான்தான் பார்க்கவில்லை. கடலில் தூரத்தில் நிற்கும் கப்பல் ஒன்றுதான். அப்பாவுக்குப் புருவம் நரைத்திருக்கிறது.

லென்ஸ் வந்த அன்று சாயங்காலம் அப்பா என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போய்க் குட்டிப் பந்தை வீசி, "எத்தினி?" என்று கேட்டார். "ஒண்ணுப்பா" என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதேன். "அழாதடி, லென்ஸு நகுந்துடப் போவுது" என்று திட்டினார்.

பார், ஒரே தாளில் எவ்வளவு எழுதிவிட்டேன். இனி நீயும் சின்னதாகவே எழுதலாம். ஸ்கெட்ச் பேனாவைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடு.

ஜூலைக்கு லீவு கேட்டாயா? நீயும் மாமாவும் சுகமா?

ஒன்றைப் பார்த்த,
கவி

*

திருப்பூர்
9 மே

அன்புக் கவிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் மூன்று நாள் என் பையிலேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் மாமா படித்துக் காட்டினார். "ஒன் தங்கச்சி இன்னா எறும்புக்கு லெட்டர் எழுதறாளா?" என்று முனகிக்கொண்டே படித்தார்.

அந்த அட்டையின் கடைசி வரியை நீ படித்த இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

எனக்கு ரொம்ப ரொம்பச் சந்தோஷம் கவி. இதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

லீவு கேட்கவில்லை. என் பழைய குண்டுகளை நீ வைத்து ஆடாதே, அவற்றுக்கு ராசியில்லை. உனக்கென்று புதிது வாங்கித் தரச் சொல்லி அப்பாவிடம் கேள்.

பூர்ணிமா

*

குருசுக்குப்பம்
26 மே

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. அங்கே எப்படி?

இந்தக் கடிதத்தில் இரண்டு அவமானங்களை எழுதப்போகிறேன். சிரித்துக்கொள்.

முதலாவது: கண் சரியானதும் என் ஆட்டம் கெட்டுப்போனது. போடுகிற குண்டெல்லாம் பந்தைத் தாண்டி ஒரு சாண் போய் நிற்கிறது. ஏனென்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தேன். மூன்று பந்து தெரிந்த காலத்தில், கண்ணுக்குத் தெரிவதைவிட ஒரு சாண் தள்ளிப் போட என் கை தானாகவே பழகியிருக்கிறது. கீழே தெரியும் போலிகள் நமக்குக் கிட்டத்தில் இருப்பது மாதிரி ஏமாற்றும் அல்லவா? அவற்றை நம்பிப் போட்டால் குண்டு முன்னாலேயே விழுந்துவிடும். இப்போது கண் திருந்திவிட்டது, கை திருந்தவில்லை. தினமும் நூறு குண்டு போட்டுக் கைக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

இரண்டாவது: போன ஞாயிறு பந்தய ஆட்டம் நடுவில் புழுதிக்காற்று அடித்தது. கண்ணில் தூசி, லென்ஸ் துள்ளி விழுந்துவிட்டது. "யாரும் நகராதீங்க" என்று கத்தினேன். எங்கள் ஆட்கள், எதிராளிகள், புள்ளி எழுதுகிறவர் எல்லோரும் மண்டி போட்டுத் தேடினோம். அப்பா என்ன செய்தார் தெரியுமா? குனியாமல் குண்டு பொறுக்கக் கயிற்றில் ஒரு காந்தம் வைத்திருப்பாரே, அதைத் தரையோடு தரையாக ஆட்டிக்கொண்டே வந்தார். "அப்பா, அது பிளாஸ்டிக்கு" என்றேன். "தெரியும்டி, மனசு கேக்கல" என்றார். கடைசியில் என் சுடிதார் மடிப்பிலேயே இருந்தது. தூசிக்கு ஏற்ற பெரிய லென்ஸ் இருக்கிறதாம், ஜூன் கடைசியில் மாற்றித்தருவார்கள்.

அன்று வீட்டுக்கு வரும்போது அப்பா தானாகவே உன்னைப் பற்றிப் பேசினார். ஆறு வருடத்தில் ஆட்டத்தையும் உன்னையும் சேர்த்து அவர் வாயில் கேட்டதே இல்லை. "பூர்ணிக்கு இருந்த கை எனக்கே கெடையாது. அந்த பைனல்ல பன்னண்டுக்குப் பன்னண்டு, கடசி குண்டு. ஒரு மொழம் முன்னாடியே போட்டுட்டா. கல்யாண நெனப்புல கைய வுட்டுட்டா" என்றார். எனக்கு அப்போது பதினாலு வயது, நீ தோற்றதுதான் ஞாபகம் இருக்கிறது.

ஒன்று கேட்க மறந்தேன். உன் மே மாதக் கடிதமும் இட்லி எழுத்திலேயே வந்ததே. பழக்கமாகிவிட்டதா?

கவி

*

குருசுக்குப்பம்
11 ஜூன்

அக்கா,

சுகமா என்று கேட்கப்போவதில்லை. இது பெரிய எழுத்து. ஸ்கெட்ச் பேனா. மாமாவிடம் கொடுக்காதே. நீயே படி.

உன் கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன்.

தெருவிளக்கின் வாலைப் பற்றி நான் எழுதவே இல்லை. நீ கேட்டாய். நிலாவையும் கேட்டாய்.

என் கடிதம் ஒன்றைக்கூட நீ படிக்கவில்லை. செக்கிங்கில் இருந்த நீ பேக்கிங்குக்குப் போய்விட்டாய்.

ஒரு முழம் முன்னால் விழுந்தது.

அந்த பைனலில், உனக்குக் குட்டிப் பந்து எத்தனை தெரிந்தது?

கவி

*

திருப்பூர்
17 ஜூன்

கவி,

இரண்டு.

இதை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். இப்போதுதான் மறுபடி திறந்தேன்.

எதிராளியின் குண்டு பந்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. என் கையில் கடைசிக் குண்டு. அதைவிட ஒட்டிப் போட்டால் பதின்மூன்று, கோப்பை நமக்கு. வட்டத்துக்குள் நின்று பார்த்தேன், இரண்டு தெரிந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். அப்போதும் இரண்டு. எது நிஜம் என்று யாரைக் கேட்பேன்? அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, குட்டிப் பந்து எங்கே என்று கேட்டால் என்னை என்னவென்று நினைப்பார்கள்? கீழே இருந்ததற்குப் போட்டேன்.

நல்லாத்தான் போட்டேன் கவி. நான் குறிவைத்த இடத்தில்தான் விழுந்தது. அங்கே பந்து இல்லை.

அப்பா எல்லார் முன்னாடியும், "நிச்சயம் ஆனதும் கை எங்கயோ போயிடுச்சு" என்றார். எனக்கே காரணம் தெரியாதே. கல்யாணத்தைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன், எல்லாரும் நம்பினார்கள்.

இங்கே வந்து நாலு முறை கண்ணாடி மாற்றினேன். ஒன்றும் பிரயோஜனமில்லை. பேக்கிங்குக்கு நானாகக் கேட்டுப் போகவில்லை. ஓட்டை விழுந்த பனியன் ஒரு கட்டு முழுக்க என் கையைத் தாண்டிப் போய்விட்டது, திருப்பி அனுப்பிவிட்டார்கள். சூப்பர்வைசர் நல்லவர், வெளியே அனுப்பாமல் மாற்றினார். மாமாவிடம் கால்வலி என்று சொல்லியிருக்கிறேன்.

உன் முதல் கடிதத்தை மாமா படித்தபோது, மேலே ஒன்று கீழே இரண்டு என்ற இடத்தில் என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்துவிட்டது. சூடு பட்டது என்று சொன்னேன். அன்றிலிருந்து தினமும் உனக்கு எழுத நினைக்கிறேன். எழுதினால் உண்மையாகிவிடும் என்று பயம். பெரிய எழுத்தில் எழுதச் சொன்னாய் அல்லவா? எனக்கு அது எவ்வளவு சௌகரியமாகப் போயிற்று என்று உனக்குத் தெரியாது.

எனக்கு இருபத்தெட்டு வயதாகிறது. இனிமேல் சரியாகுமா?

பூர்ணிமா

*

குருசுக்குப்பம்
22 ஜூன்

என் அக்கா,

பெரிய எழுத்து, சின்னக் கடிதம். அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு உன் பெயரில் டாக்டரிடம் சீட்டுப் போட்டாயிற்று. கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வா. மாமாவிடம் நீயே சொல். சொல்லாவிட்டால் நான் சொல்வேன், எறும்பு எழுத்தில்.

சரியாகுமா என்று டாக்டரைக் கேட்டேன். கண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும், ஆனால் உன் வயதில் நிறையப் பேருக்குக் கூம்பு தானாகவே நின்றுவிட்டிருக்கும், லென்ஸே போதும் என்றார்.

போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். கவிநிலா, பூர்ணிமா. திட்டு வாங்கத் தயார்.

இன்னொன்றும் செய்தேன், மன்னித்துவிடு. உன் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். உட்கார்ந்து மறுபடி படித்தார். பரண்மேல் ஏறி உன் குண்டுகளை எடுத்துவந்து, எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. பிறகு இந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கினார். கீழே இருப்பது அவர் எழுத்து.

கவி

பூர்ணிமா, அப்பா எழுதறேன். நீ சரியாத்தான் போட்ட. நான்தான் தப்பாப் பேசிட்டேன். துரு ஒண்ணும் ஏறல. வாம்மா.

*

திருப்பூர்
5 அக்டோபர்

அன்புக் கவிக்கு,

அக்கா எழுதுவது. நானும் மாமாவும் நலம், நலம், நலம். அப்பாவின் இடுப்புவலி எப்படி இருக்கிறது? அம்மா மூக்குத்திக் கல்லைப் பதித்தாளா?

ஊரிலிருந்து வந்த மறுவாரமே எழுதியிருக்க வேண்டும். வேண்டுமென்றேதான் காத்திருந்தேன், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜூலை பதினாலை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. எனக்கு அப்போது லென்ஸ் தயாராகவில்லை. நான் வட்டத்தில் நின்றபோதெல்லாம் நீ பின்னால் வந்து, "மேல இருக்கறதுக்குக்கா, மேல இருக்கறதுக்கு" என்று ஓதினாயே, எதிராளிப் பெண்கள் நாம் ஏதோ மந்திரம் சொல்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். முதல் ஆட்டம் ஜெயித்தோம். இரண்டாவதில் பதினொன்றுக்குப் பதின்மூன்று. தோற்று வெளியே வந்தபோது யாரோ, "இன்னா மூர்த்தி, பொண்ணு மறுபடி வுட்டுடுச்சா?" என்று அப்பாவைக் கேட்டார்கள். "கண்ணுதான்யா கோணல், கை கோணல் இல்ல" என்று அப்பா மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். கோப்பை கிடைத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

லென்ஸோடு இங்கே வந்து ஒரு மாதமாகிறது. மாமாதான் இப்போது வாஷ்பேசின் காவல். எனக்காகக் கடிதம் படிக்கும் வேலை போய்விட்டதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து நானே படித்தேன். அவர் படிக்கும்போது சில வரிகளை விட்டிருக்கிறார். என்னை நீ நக்கலடித்தவை.

போன வாரம் சூப்பர்வைசர் என் மேஜையில் ஒரு பனியன் கட்டை வைத்து, "பாருங்க" என்றார். பத்தாவது பனியனில், அக்குளுக்குக் கீழே, ஊசி முனை அளவு ஓட்டை. எடுத்து நீட்டினேன். திங்கட்கிழமையிலிருந்து செக்கிங்கில் நிற்கிறேன். நாள் முழுக்க நின்றால் உண்மையிலேயே கால் வலிக்கிறது. இனி யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்த ஜூலைக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ தினமும் நூறு குண்டு போடுகிறாய் என்றால் நான் நூற்றிருபது போடுவேன். குண்டுகளைப் பஸ்ஸில் தூக்கிவந்ததில் மாமாவின் தோள் இறங்கிப்போனதுதான் மிச்சம்.

கடிதம் ஒரே பக்கம்தானே என்று குறைப்படாதே. எண்ணிப் பார், முன்பு ஆறு பக்கத்தில் எழுதியதைவிட அதிகம் இருக்கும். நீலப் பேனா, கோடு போட்ட தாள். ஒரு எழுத்துகூடக் கோட்டை விட்டு இறங்கவில்லை. இதற்காகத்தான் காத்திருந்தேன்.

அன்புடன்,
பூர்ணிமா

பின்குறிப்பு: நேற்று சாயங்காலம் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் மாமாவை நிற்கவைத்துக் குட்டிப் பந்தை வீசச் சொன்னேன். வீசிவிட்டு அவரும் அப்பா மாதிரியே கேட்டார், எத்தனை என்று.

ஒன்று.